படைப்பின் பேரேட்டில் மூன்று வரிகள்

ஜப்பானின் கிழக்குக் கரையில், பசிபிக் பெருங்கடலை ஒட்டி, தொக்காய் என்றோர் ஊர் இருக்கிறது. அங்குள்ள ஜே-பார்க் ஆய்வு நிலையத்தில், ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடிவரும் புரோட்டான்கள் ஒரு தங்கத் துண்டின்மீது வந்து மோதுகின்றன. மோதிய இடத்தில், அதற்கு ஒரு கணம் முன்புவரை இல்லாத துகள்கள் கொத்துக் கொத்தாகப் பிறக்கின்றன. அவற்றுள் ஒன்று, மின்னூட்டம் இல்லாத கேயான். அது ஏறத்தாழ 21 மீட்டர் தூரம் பறந்து, காற்று உறிஞ்சப்பட்ட ஒரு நீண்ட கலத்துக்குள் நுழைகிறது. அதன் ஆயுள் மிகச் சிறியது. ஒரு விநாடியை 2 கோடிக் கூறாக வகுத்தால் ஒரு கூறு எவ்வளவோ, சராசரியாக அவ்வளவுதான். அந்தப் பொழுதுக்குள் பிறந்து, பறந்து, சிதைந்து வேறு துகள்களாகிவிடுகிறது.

கலத்தின் மறுமுனையில் 2,716 படிகங்கள் அந்த முடிவுக்காகக் காத்திருக்கின்றன. சீசியம் அயோடைடு என்ற உப்பால் ஆன படிகங்கள் அவை. ஆற்றல் மிகுந்த ஒளித்துகள் ஒன்று வந்து பட்டால் மினுங்கும். முன்பு அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் இதே கேயான்களைக் கவனித்துவந்தவை. கடல் கடந்து தொக்காய்க்கு வந்து, கோட்டோ என்ற சோதனையில் மீண்டும் அதே பணியில் அமர்ந்தன. அவை காண விரும்புவது ஒரே ஒரு காட்சியை: இரண்டு மினுங்கல்கள் வர வேண்டும்; மூன்றாவதாக எதுவும் எந்தத் திசையிலும் தெரியக் கூடாது.

2016 முதல் 2018 வரை திரட்டிய தரவைப் பிரித்தபோது, அப்படிப்பட்ட காட்சிகள் எதிர்பார்த்ததற்கு மேல் வந்துவிட்டன. விரல் விட்டு எண்ணக்கூடிய அந்தச் சில மினுங்கல்கள் உலகெங்கும் இயற்பியல் அறிஞர்களின் உறக்கத்தைக் கெடுத்தன. இதுவரை யாரும் கண்டிராத, எடை குறைந்த ஒரு புதிய துகள் படைப்பில் ஒளிந்திருக்கிறதோ என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். அதைச் சொல்லும்போது, படைப்பின் ஒழுங்கு எவ்வளவு நுட்பமானது என்பதும் தானே விளங்கும்.

விசித்திரம் என்றே பெயர் பெற்ற பொருள்

அணுவின் கருவுக்குள் புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் கட்டிவைப்பது எது என்று கேட்ட ஜப்பானிய அறிஞர் ஹிதேகி யுகாவா, 1935-இல் இடைப்பட்ட எடையுள்ள ஒரு துகளைக் கற்பனை செய்தார். அந்த வகைத் துகள்களுக்குத்தான் பின்னர் மேசான் என்ற பெயர் நிலைத்தது. குவார்க் என்ற அடிப்படைத் துகள் ஒன்றும் ஓர் எதிர்க்குவார்க்கும் இணைந்த ஜோடியே மேசான் என்று இன்று நாம் அறிவோம்.

1947-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ராச்செஸ்டர், பட்லர் என்ற இருவர், விண்ணிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களை முகிற்கலத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு படத்தில், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து திடீரென இரண்டு கோடுகள் கவட்டைபோல் பிரிந்தன. கண்ணுக்குத் தெரியாமல் வந்த ஏதோ ஒன்று அந்த இடத்தில் இரண்டாகச் சிதைந்திருந்தது. கேயான் என்ற மேசான் மனிதனுக்கு முகம் காட்டியது அப்படித்தான். அது பிறக்கும் வேகத்தைப் பார்த்தால் அதே வேகத்தில் மடிய வேண்டும். ஆனால் எதிர்பார்த்ததைவிட மிக மிக நீண்ட நேரம் வாழ்ந்தது. அந்த விசித்திரத்தையே குணப்பெயராக்கி, அதனுள் இருக்கும் குவார்க்கை விசித்திரக் குவார்க் என்று அழைத்தார்கள்.

கேயான் எப்படியெல்லாம் சிதைகிறது என்பதில் ஒரு கண்டிப்பான ஒழுங்கு இருக்கிறது. நீண்ட ஆயுள் கொண்ட நடுநிலைக் கேயான்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, பயான் என்ற லேசான மேசான் வகையில், மூன்று நடுநிலைப் பயான்களாக உடைகிறது. மற்றவை பெரும்பாலும் மின்னூட்டம் கொண்ட பயானையும் எலக்ட்ரானையோ அதன் கனமான உறவான மியூவானையோ உமிழ்கின்றன. எந்தக் கேயான் எப்போது, எந்த வழியில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கோடிக்கணக்கில் சேர்த்து எண்ணினால் விகிதம் இம்மியும் பிசகாது. தனியொன்றுக்குச் சுதந்திரமும் கூட்டத்துக்குச் சட்டமும் ஒருசேர அருளப்பட்டிருக்கும் இந்த ஏற்பாட்டை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

பத்தாயிரம் கோடியில் மூன்று

கோட்டோ தேடும் சிதைவு அந்தப் பட்டியலின் கடைசி ஓரத்தில் இருக்கிறது. கேயான் ஒரு நடுநிலைப் பயானாகவும், ஒரு நியூட்ரினோவாகவும், ஓர் எதிர்நியூட்ரினோவாகவும் உடைய வேண்டும். துகள் உலகின் சட்டப் புத்தகமான ஸ்டாண்டர்டு மாடலின் கணக்குப்படி, 10,000 கோடி கேயான்களில் ஏறத்தாழ 3 மட்டுமே இந்த வழியில் போகும்.

ஏன் இவ்வளவு அரிது? விசித்திரக் குவார்க் நேரடியாக இந்த மாற்றத்தைச் செய்துகொள்ள அனுமதி இல்லை. சுற்றுவழியாகத்தான் போக வேண்டும். அந்தச் சுற்றுவழியில், கணப்பொழுது தோன்றி மறையும் டாப் குவார்க்கின் துணை தேவைப்படுகிறது. டாப் குவார்க் கேயானைவிடச் சுமார் 350 மடங்கு கனமானது. ஒற்றைத் தங்க அணுவின் எடையை எட்டிப் பிடிக்கக் கூடியது. இத்தனை சிறிய கேயானுக்குள் இத்தனை பெரிய பொருளின் சாயல் படிந்திருக்கிறது. ஆலம் விதைக்குள் மரம் அடங்கியிருப்பதை வியக்கிறோம். இங்கே விதையைவிட 350 மடங்கு கனமான ஒன்று, வெளியே வராமலே விதையின் விதியை எழுதிவிட்டுப் போகிறது. நாம் அறியாத வேறு துகள் ஒன்று படைப்பில் இருந்தால், அதன் சாயலும் இதே சிதைவில் படிந்து, விகிதத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். கேயானின் மரணத்தை இவ்வளவு கவனமாக எண்ணுவது அதனால்தான்.

காண்பதும் எளிதல்ல. நியூட்ரினோக்கள் பெரும்பாலும் எந்தக் கருவியிலும் சிக்காமல் பூமியையே ஊடுருவிப் போய்விடும். நடுநிலைப் பயானும் நிற்காது. ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்கை மறுபடி கோடியாகப் பிரித்து, அதையும் நூறாகப் பகுத்தால் வரும் பொழுதுதான் அதன் வாழ்நாள். அதற்குள் இரண்டு ஒளித்துகள்களாக மாறிவிடும். நம் கைக்கு எட்டுவது அந்த இரண்டு மட்டுமே. அவை வந்து விழுந்த இடத்தையும் ஆற்றலையும் கொண்டு, பயான் எந்தப் பக்கம் சாய்ந்து பறந்தது என்று கணக்கிடுகிறார்கள். பயான் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், எதிர்ப்பக்கம் ஏதோ ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்க வேண்டும். தராசின் ஒரு தட்டு தாழ்ந்திருப்பதைக் கண்டு மறுதட்டில் எவ்வளவு குறைகிறது என்று சொல்வதைப் போன்றது இது.

கணக்கு இடித்த நாள்கள்

இயற்கையின் கணக்கு இடிப்பதும், அதைச் சரிசெய்யக் காணாத துகளை அழைப்பதும் புதிதல்ல. அணுக்கருவிலிருந்து எலக்ட்ரான் வெளிவரும் பீட்டாச் சிதைவில் ஆற்றல் குறைவதை 1920-களில் கண்டார்கள். செலவு எழுதியிருக்கிறது, ஈடான வரவைக் காணோம். ஆற்றல் அழியாது என்ற விதியையே கைவிடலாமா என்றுகூடப் பேச்சு எழுந்தது. 1930 டிசம்பரில் வோல்ஃப்காங் பவுலி ஒரு கடிதம் எழுதினார். எடை மிகக் குறைந்த, மின்னூட்டம் இல்லாத ஒரு துகள் அந்த ஆற்றலைச் சுமந்து போகலாம் என்றார். கண்ணில் படாததைக் கணக்குக்காக ஏற்பது அன்று துணிச்சலான செயல். 26 ஆண்டுகளுக்குப் பின், 1956-இல், கவனும் ரைனஸும் அமெரிக்காவின் சவன்னா ரிவர் அணு உலை அருகே அந்தத் துகளைப் பிடித்துக் காட்டினார்கள். அதுதான் நியூட்ரினோ.

1964-இல் கணக்கு மறுபடி இடித்தது. புரூக்ஹேவன் ஆய்வகத்தில் கிரோனினும் ஃபிட்சும் தம் குழுவினருடன் நீண்ட ஆயுள் கேயான்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவை இரண்டு பயான்களாகச் சிதையவே கூடாது என்பது அன்றைய சட்டம். 22,700 சிதைவுகளில் 45 அப்படிச் சிதைந்தன. பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் இடையே இயற்கை முழுச் சமநிலை காக்கவில்லை என்பதை ஏற்க அறிஞர்கள் தயங்கினார்கள். அண்டம் முழுதும் பரவிய ஒரு மெல்லிய புதிய விசை, அதைச் சுமக்கும் மிக எடை குறைந்த துகள் என்று விளக்கம் தேடினார்கள். ஜான் பெல் போன்ற பெரிய அறிஞர்களும் அந்த வழியை எண்ணிப் பார்த்தார்கள். அந்த விளக்கம் உண்மையானால், கேயானின் ஆற்றல் கூடும்போது விகிதமும் கூட வேண்டும். வேறு ஆற்றல்களில் அளந்து பார்த்தார்கள். விகிதம் மாறவில்லை. கற்பனைத் துகள் கலைந்தது. சமநிலை மீறலே உண்மை என்று நின்றது. 1980-இல் கிரோனினுக்கும் ஃபிட்சுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மூன்றாவது கதையில் எண்ணிக்கை குறைந்தது. கேயான் இரண்டு மியூவான்களாகச் சிதைவது எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. 100 கோடிக்கு சுமார் 7. ஏன் இப்படி அடங்கிக் கிடக்கிறது? நான்காவது குவார்க் ஒன்று இருந்து முதலாவதன் விளைவைத் துடைத்துவிடுகிறது என்று 1970-இல் கிளாஷோ, இலியோபுலோஸ், மயானி மூவரும் விடை சொன்னார்கள். 1974 நவம்பரில் அந்தச் சார்ம் குவார்க் வெளிப்பட்டது. நடக்காத ஒன்று, இருக்கும் ஒன்றுக்குச் சாட்சி சொன்னது.

மூன்று கதைகளிலும் ஒரே பாடம் இருக்கிறது. கணக்கு இடித்தால் அதை மறைக்கக் கூடாது. புதிய துகளை அழைக்கலாம். ஆனால் அது வந்துவிட்டது என்று படைப்பு தன் வாயால் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.

திரை விலகியபோது

கோட்டோ அறிஞர்கள் ஒரு நோன்பு பூண்டிருந்தார்கள். விடை இருக்கக்கூடிய பகுதியைத் திரையிட்டு மூடிவிட்டு, எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்ற விதிகள் அனைத்தையும் முதலில் எழுதி முடிப்பார்கள். கண்ணால் பார்த்த பிறகு விதியை வளைக்கும் ஆசை யாருக்கும் வரலாம். அந்த ஆசைக்கு இடமே தராதிருக்க இந்தத் திரை.

2019-இல் திரையை விலக்கினார்கள். பொய்யான நிகழ்வு ஒன்றுகூட வராது என்பது அன்றைய மதிப்பீடு. மெய்யான நிகழ்வுக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, சட்டப்படி 0.04 தான். ஆனால் திரைக்குப் பின்னே நான்கு நிகழ்வுகள் இருந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் இத்தாலியின் பெருஜியா நகரில் நடந்த கேயான் மாநாட்டில் அதைச் சொன்னார்கள். நான்கில் ஒன்றில் அமைப்புப் பிழை இருந்தது பின்னர் தெரிந்து, மூன்று எஞ்சின.

மூன்றையும் மெய்யென்று கொண்டால், சிதைவு விகிதம் சட்டம் சொல்வதைவிட ஏறத்தாழ 70 மடங்கு. இங்கே ஒரு முட்டுக்கட்டை வந்தது. நடுநிலைக் கேயானுக்கும் மின்னூட்டம் கொண்ட கேயானுக்கும் உறவு உண்டு. நடுநிலைக் கேயானின் இந்தச் சிதைவு, மின்னூட்டக் கேயானின் ஒத்த சிதைவைப்போல 4.3 மடங்குக்கு மேல் போக முடியாது என்று கிராஸ்மனும் நிர்ரும் 1997-இல் காட்டியிருந்தார்கள். மின்னூட்டக் கேயானை ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்தின் என்.ஏ.62 சோதனை எண்ணிக்கொண்டிருந்தது. அங்கே அப்படி ஒரு பெருக்கமும் இல்லை. தம்பி வீட்டில் விளக்கு எரிகிறது, அண்ணன் வீடு இருட்டாக இருக்கிறது.

இந்த இடத்தில்தான் எடை குறைந்த துகள் என்ற எண்ணம் உயிர் பெற்றது. நியூட்ரினோ ஜோடிக்குப் பதிலாக, அறியப்படாத ஒற்றைத் துகள் ஒன்று பயானுடன் வெளிவந்தால் என்ன? அதன் எடை பயானின் எடையைப் போலவே, அதாவது புரோட்டானில் ஏழில் ஒரு பங்காக இருக்கட்டும். மின்னூட்டக் கேயான்களில் ஐந்தில் ஒன்று இரண்டு பயான்களாக உடைவதால், அந்தப் பேரிரைச்சல் கேட்கும் எடைப் பகுதியை என்.ஏ.62 ஒதுக்கிவைக்கிறது. புதிய துகள் சரியாக அந்த நிழலில் நின்றால் செர்ன் கண்ணுக்குத் தெரியாது, தொக்காயில் தெரியும். இன்னொரு வழியும் சொன்னார்கள். கிதஹாரா உள்ளிட்ட ஐவர் எழுதிய கட்டுரையின்படி, அந்தத் துகள் கொஞ்ச தூரம் பறந்து ஒளித்துகள்களாக உடையலாம். தொக்காயின் குறுகிய கலத்தில் உடைவதற்குள் வெளியேறிவிடும். செர்னின் நீண்ட கலத்துக்குள்ளேயே உடைந்து, வேறு நிகழ்வென்று தள்ளப்பட்டுவிடும்.

இப்படிப்பட்ட எடை குறைந்த துகள்களைக் கோட்பாட்டாளர்கள் வேறு காரணங்களுக்காகவும் எதிர்பார்த்திருக்கிறார்கள். 1978-இல் வெயின்பெர்க்கும் வில்செக்கும் முன்வைத்த ஆக்சியான் அவற்றில் புகழ்பெற்றது. இயற்பியலில் படிந்திருந்த ஒரு கறையை நீக்க வந்த துகள் என்பதால், வில்செக் அதற்கு ஒரு சலவைத்தூளின் பெயரை வைத்தார். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளுக்கும் அப்படிப்பட்ட துகள் ஒன்று விடையாகலாம் என்று தேடுகிறார்கள்.

அடித்து எழுதிய கை

கோட்டோ குழுவினர் கொண்டாடவில்லை. தங்கள் கருவியையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி விசாரித்தார்கள். நடுநிலைத் துகள்கள் மட்டுமே வரும் என்று நம்பியிருந்த கற்றையில், மின்னூட்டக் கேயான்கள் மிகச் சிறிய அளவில் கலந்து வருவதைக் கண்டார்கள். அவற்றில் ஒன்று உடையும்போது எலக்ட்ரான் பின்பக்கம் சிதறிக் கண்ணில் படாமல் போனால், எஞ்சுவது இரண்டு மினுங்கல்கள். கற்றையின் ஓரத்தில் விலகி ஓடும் நடுநிலைக் கேயான் நேரே இரண்டு ஒளித்துகள்களாக உடைந்தாலும் அதே வேடம். இவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் பொய் நிகழ்வுகள் 1.22 வரை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்தது. 1.22 எதிர்பார்த்த இடத்தில் 3 வருவது வியப்பல்ல. 2021-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர்கள் எந்தக் கண்டுபிடிப்பையும் உரிமை கொண்டாடவில்லை. இந்தச் சிதைவு 100 கோடிக்கு 4.9-க்கு மேல் இருக்க முடியாது என்ற வரம்பை மட்டும் எழுதினார்கள்.

பிறகு கற்றையின் பாதையில், மின்னூட்டக் கேயானைக் காட்டிக்கொடுக்கும் மெல்லிய ஒளிரும் இழைகளை வைத்தார்கள். 2021-இல் திரட்டிய தரவில் திரையை விலக்கியபோது, நிகழ்வு ஒன்றுகூட இல்லை. வரம்பு 100 கோடிக்கு 2.2 ஆக இறங்கியது. சட்டம் சொல்லும் விகிதத்தைத் தொட இன்னும் சுமார் 70 மடங்கு கூர்மை வேண்டும். கோட்டோ 2 என்ற பெரிய சோதனைக்குத் திட்டம் வகுத்திருக்கிறார்கள்.

உலகமே திரும்பிப் பார்த்த மூன்று வரிகளை, எழுதிய கையே நேர்மையாக அடித்துத் திருத்தியது. இந்தக் கதையில் நான் மிகவும் போற்றுவது இந்தத் திருத்தத்தைத்தான்.

மூடாத கணக்குகள்

எல்லாக் கணக்கும் முடிந்துவிடவில்லை. 2024-இல் என்.ஏ.62, மின்னூட்டக் கேயானின் அரிய சிதைவை 51 நிகழ்வுகளோடு ஐயமின்றிக் கண்டதாக அறிவித்தது. அளந்த விகிதம் 10,000 கோடிக்கு சுமார் 13, முன்பின் 3. சட்டம் சொல்வது 8 சொச்சம். சற்றுக் கூடுதல்தான், ஆனால் பிழை வரம்பு அந்த இடைவெளியை இன்னும் விழுங்கிவிடும் நிலையில் இருக்கிறது.

தொக்காய் இருக்கும் அதே இபராகி மாநிலத்தில், சுகுபா நகரில், 3 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் மோதுகின்றன. அங்கே பெல் 2 என்ற கருவி பி-மேசான்களைக் கவனிக்கிறது. பல நாட்டவர் சேர்ந்து நடத்தும் அந்தப் பணியில் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கு கொண்டிருக்கிறது. 2023-இல் அவர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பி-மேசான் ஒரு கேயானையும் ஒரு நியூட்ரினோ ஜோடியையும் தரும் சிதைவு 10 லட்சத்துக்கு ஏறத்தாழ 23, முன்பின் 7. சட்டம் சொல்வது 5 அல்லது 6. இது வெறும் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு சில நூறில் ஒன்று. உடனே கோட்பாட்டாளர்கள் மறுபடி ஓர் எடை குறைந்த துகளை நினைத்தார்கள். இந்த முறை புரோட்டானைப்போல் சுமார் இரு மடங்கு எடையில். கேயான் உலகத்துக்கு அது கனம். புரோட்டானைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் கனமான பி-மேசானுக்கு அது லேசு.

கண்டுபிடிப்பு என்று சொல்ல, தற்செயலின் வாய்ப்பு 35 லட்சத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும் என்பது இந்தத் துறையின் விரதம். சில நூறில் ஒன்று என்பதை வைத்து யாரும் மேடை ஏறுவதில்லை. எண்ணுகிறார்கள், இன்னும் எண்ணுகிறார்கள்.

நாம் இந்த உலகில் பொருளாக இருப்பதே ஒரு சிறு சமநிலை மீறலால்தான் என்று அறிவியல் நம்புகிறது. ஆதியில் பொருளும் எதிர்ப்பொருளும் முழுச் சமமாக இருந்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து ஒளியாகியிருக்கும். அந்த மீறலை மனிதன் முதலில் கண்டது கேயானில். ஆனால் குவார்க்குகளில் இதுவரை கண்ட மீறல் இந்த அண்டத்தை விளக்கப் போதவில்லை. மீதி எங்கோ இருக்கிறது. தொக்காயில் தேடும் சிதைவும் அந்த மீறல் இல்லாமல் நடக்காது என்பதால், அந்த 10,000 கோடியில் 3 என்பது நம் பிறப்பின் கணக்கோடு தொடர்புடைய எண்.

மலையைக் கண்டும் கடலைக் கண்டும் வணங்கத் தெரிந்தவர்கள் நாம். இந்த நுட்பத்தையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். மூன்று நிகழ்வுகள் கூடினால் உலகமே திடுக்கிடும் அளவுக்குக் கண்டிப்பான கணக்கு ஒன்று நம் உடம்பின் ஒவ்வோர் அணுவிலும் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்க விரும்பும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், விடை தெரிந்ததும் தட்டிக்கொடுப்பதைப் போலவே, "என் கணக்கு இடிக்கிறது, மறுபடி பார்க்கிறேன்" என்று அது சொல்லும்போதும் தட்டிக்கொடுங்கள். நியூட்ரினோவும் சார்ம் குவார்க்கும் கிடைத்தது அந்தச் சொல்லிலிருந்துதான்.